அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் டைப் செய்ய முடியவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கடையைச் சாத்தப் போகிற நேரம். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு தம்பி வந்தான். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். "ண்ணா, டபுள் டெமி போஸ்டர், இருநூறு. காலைல ஒட்டணும்" என்றான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தேழு வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் வரும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் வரும். மே 18 வந்தால் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் போஸ்டர் வரும். அதற்கு நான் டிசைன் கூலி வாங்குவதில்லை. மேட்டரைக் கொடுத்தால் பிழை திருத்தி அடித்துக் கொடுப்பேன். யார் கட்சி, என்ன கட்சி என்று கேட்டதில்லை.

அந்தத் தாளில் மூன்று வரி இருந்தது. முதல் வரி தமிழைப் பற்றியது. நல்ல வரி, நானே எழுதியிருப்பேன். இரண்டாவது, தமிழ்நாட்டு வேலை தமிழருக்கே என்றது. இரண்டையும் டைப் செய்துவிட்டேன். மூன்றாவது வரி, "வந்தேறியே வெளியேறு". பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது.

"என்னண்ணா, எழுத்து புரியலையா?"

"புரியுது தம்பி. எங்கப்பாவும் வந்தேறிதான், அதான் யோசிக்கிறேன்."

"நீங்க தமிழ்தானேண்ணா?"

தமிழ்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் அப்பா 1950இல் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். பதினான்கு வயதில் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். அவரைத் துரத்தியவர்களும் தங்கள் மொழியை உயிராக நேசித்தவர்கள்தான். அந்தத் தம்பியிடம் நின்ற நிலையில் பத்து நிமிஷத்தில் சொன்னதைத்தான் இங்கே உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

ரங்கூனில் 1931 கணக்கெடுப்பின்போது பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெலுங்குக்காரர்கள். வட்டிக்குக் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டுக்காரர்கள். அதற்கு மேலே இருந்து ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1930 மே மாதம் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் உடனே பர்மியர்களைக் கூட்டிவந்து வேலை வாங்கின. பேச்சுவார்த்தை முடிந்து இந்தியர்கள் திரும்பி வந்ததும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். மே 26ஆம் தேதி கலவரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள். வேலைக்குக் கூப்பிட்டதும், கணக்கு முடித்து அனுப்பியதும் கம்பெனி. வெட்டுப்பட்டவன் கூலிக்காரன். கம்பெனி முதலாளி வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடைந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்தச் சூட்டில்தான் 'தொபமா அசியயோன்' என்ற அமைப்பு பிறந்தது. 'நம் பர்மியர் சங்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரனை 'தக்கின்', அதாவது எஜமான், என்று கூப்பிட வேண்டியிருந்த காலம். இந்தச் சங்கத்து இளைஞர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் 'தக்கின்' என்று போட்டுக்கொண்டார்கள். இந்த மண்ணுக்கு எஜமான் நான்தான் என்று பெயரிலேயே சொன்னார்கள். எவ்வளவு பெரிய காரியம் அது! எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். அவர்களுடைய முழக்கம் இது: பர்மா நம் நாடு, பர்மிய இலக்கியம் நம் இலக்கியம், பர்மிய மொழி நம் மொழி, நாட்டை நேசி, இலக்கியத்தை உயர்த்து, மொழியை மதி.

இதில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு நம் ஊர் மேடையில் பேசினால் கைதட்டல் விழும். நானும் தட்டுவேன்.

பர்மாவின் விடுதலைக்கு வழி திறந்த ஆங் சான் ஒரு தக்கின். 1962 மார்ச் 2இல் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்த நே வின்னும் ஒரு தக்கின். அடிமைப்பட்டிருந்தபோது எழுந்த அதே முழக்கம், ஆட்சி கைக்கு வந்த பிறகு, சின்னக் கடை வைத்திருந்த என் தாத்தாவின் மேல் வந்து விழுந்தது.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமாயின. தாத்தாவின் மளிகைக் கடை வாசலில் 'மக்கள் கடை' என்று பலகை மாட்டி ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பலகை பர்மிய எழுத்தில் இருந்தது. அப்பத்தாவுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பர்மியம் படித்த என் அப்பாதான் படித்துச் சொன்னார். "என்னடா எழுதியிருக்கான்?" என்று அப்பத்தா கேட்டது, தான் அதைப் படித்தது, படித்து முடித்ததும் அவர் முகம் போன விதம், இதை அப்பா எனக்கு இருபது முறையாவது சொல்லியிருப்பார். மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் இருந்ததும் போயிற்று. கப்பலேறும்போது ஓர் அதிகாரி அப்பத்தாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். அதன் பிறகு அவர் மூக்குத்தி போடவே இல்லை. எனக்குத் தெரிந்த காலத்தில் அந்தத் துளை தூர்ந்து, ஒரு மச்சம் மாதிரி இருந்தது.

அந்தப் பத்தாண்டில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். வியாசர்பாடியில் எங்களுக்குக் குடிசை கிடைத்தது. அப்பா பிற்பாடு செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை போட்டார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு வெறும் கையாலேயே பிசைவார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பழைய ரங்கூன்காரர் யாராவது வந்துவிட்டால் இரண்டு பேரும் பர்மியத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். என் சின்ன அத்தை பெயர் கலாவதி. அப்பா மட்டும் 'வதி' என்றுதான் கூப்பிடுவார். இந்தியர்களை அங்கே இழிவாகக் கூப்பிடும் சொல் 'கலா'. தெருவில் முதுகுக்குப் பின்னால் அதைக் கேட்டே வளர்ந்தவருக்குத் தங்கையை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

ஆனாலும் பர்மியர்களை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. "அவனுக்கும் வயிறு எரிஞ்சுதுடா" என்பார். ரொம்ப நாள் கழித்துத்தான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை இழந்து இழந்து, 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. நான்கில் ஒரு பங்கு நிலம் வெளியாள் கையில். அந்த விவசாயியின் கோபம் பொய்யில்லை. போஸ்டர் அடிக்க வந்த தம்பியின் கோபமும் பொய்யில்லை.

பல நாட்டுத் தேசியக் கட்சிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது இப்படித்தான். மொழியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எல்லாக் கட்சியும் ஒரே மாதிரி அழகாகத்தான் பேசும். நான் பார்ப்பது அதன் வாசற்படியை. யார் உள்ளே வரலாம்? வெளியூரிலிருந்து வந்த ஒருவர் என்ன செய்தால் 'நம்மாள்' ஆவார்? எப்போதுமே ஆக முடியாதா?

பாஸ்க் தேசியக் கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் வடக்கே, தனி மொழி பேசும் பாஸ்க் மக்களின் பகுதியில் இருக்கிறது பில்பாவ் நகரம். இரும்புச் சுரங்கமும் உலைகளும் பெருகியபோது ஸ்பெயினின் மற்ற பகுதிகளிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1895இல் சபினோ அரானா அங்கே கட்சியைத் தொடங்கினார். அவர் வந்த தொழிலாளர்களை 'மகெத்தோ' என்ற சொல்லால் இழிவாக எழுதினார். இங்கே டீக்கடையில் 'வடக்கன்' என்று சொல்கிறோமே, அந்தத் தொனியில். கட்சியில் சேர வேண்டுமென்றால் தாத்தா பாட்டி நான்கு பேரின் குடும்பப் பெயரும் பாஸ்க் பெயராக இருக்க வேண்டும் என்பது ஆரம்ப விதி. அதாவது, நீ மொழியைக் கற்றுக்கொண்டாலும், அந்தச் சுரங்கத்திலேயே செத்தாலும், உள்ளே வர முடியாது. படி ரத்தத்தில் இருந்தது.

பிறகு பாஸ்க் மக்கள் பட்டதும் கொஞ்சமில்லை. 1937இல் அவர்களுடைய கெர்னிகா ஊரின் மேல் குண்டு போட்டார்கள். சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் அவர்கள் மொழியை அடக்கி வைத்தார்கள். தனி நாடு கேட்டு ஆயுதம் ஏந்தி 1959இல் பிறந்த எட்டா இயக்கம் 2018இல் கலையும் வரை எண்ணூறு பேருக்கு மேல் கொன்றது. அரானாவின் கட்சி அந்த ரத்த விதியை எப்போதோ விட்டுவிட்டது, இன்றும் அங்கே பெரிய கட்சி. மாற முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே ஸ்பெயினில் கத்தலோனியாவிலும் தெற்கிலிருந்து ஏழைகள் வந்து குவிந்தார்கள். அங்கே கத்தலான் தேசியத் தலைவர் ஜோர்டி புஜோல் சொன்னது வேறு: கத்தலோனியாவில் வாழ்ந்து உழைக்கிற எவரும் கத்தலான். வந்தவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கத்தலான் சொல்லிக்கொடுத்தார்கள். மொழியும் பிழைத்தது, பிள்ளையும் உள்ளே வந்தது. இதை விட மொழிப்பற்று வேறென்ன வேண்டும்?

ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 1934இல் தொடங்கியது. 2014 செப்டம்பர் 18 அன்று தனி நாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பதினாறு வயதிலேயே ஓட்டு. யாருக்கு ஓட்டு என்று பாருங்கள்: ஸ்காட்லாந்தில் குடியிருப்பவருக்கு. கிளாஸ்கோவில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு தமிழ் நர்ஸ், இந்தியக் குடியுரிமையோடே ஓட்டுப் போடலாம். பரம்பரை பரம்பரையாக ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் லண்டனில் குடியிருக்கிறார் என்றால் ஓட்டு கிடையாது. ஒரு தேசியக் கட்சி தன் தேசத்தின் தலையெழுத்தை வந்தவர் கையிலும் கொடுத்தது! 55க்கு 45 என்று தோற்றார்கள். தோற்ற பிறகு வந்தவர்களால்தான் தோற்றோம் என்று கட்சித் தலைமை பழி போடவில்லை. 2023இல் அந்தக் கட்சிக்குத் தலைவராகவும் ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சராகவும் வந்த ஹம்சா யூசஃபின் தாத்தா பாகிஸ்தானிலிருந்து பிழைக்கப் போனவர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பிரெஞ்சு மொழியைக் காக்க 1977இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். கடைப் பலகையிலிருந்து பள்ளிக்கூடம் வரை மொழிக்கு அப்படி ஓர் இடம். 1995 வாக்கெடுப்பில் மயிரிழையில், 50.58க்கு 49.42 என்று, பிரிவினை தோற்றது. அன்று ராத்திரி மேடையேறிய மாகாண முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் இனச் சிறுபான்மையினர் ஓட்டும் தோற்கடித்தன என்று சொல்லிவிட்டார். மறுநாளே பதவி விலகுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்த ஒரு வாக்கியம், வந்தவர் எத்தனை பேரைப் பிரெஞ்சிடமிருந்து விலக்கியிருக்கும்!

இன்னொரு வகைக் கட்சிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. இத்தாலியில் வடக்கு லீக் முதலில் தெற்கு இத்தாலிக்காரனைச் சோம்பேறி என்று திட்டி வளர்ந்தது. பிறகு அதே தெற்கில் ஓட்டு வேண்டியிருந்ததால் 2018 தேர்தலில் பெயரிலிருந்து 'வடக்கு' என்பதை எடுத்துவிட்டு, படகில் வருகிறவனைத் திட்டத் தொடங்கியது. ஜெர்மனியில் ஏஎஃப்டி கட்சி 2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்துத் தொடங்கி, 2015க்குப் பிறகு அகதிகளை எதிர்த்துப் பெரிதானது. கிரீஸில் 'தங்க விடியல்' கட்சி, ஊரே பட்டினி கிடந்த காலத்தில், அடையாள அட்டையைப் பார்த்து கிரேக்கர்களுக்கு மட்டும் சாப்பாடு கொடுத்தது. 2020 அக்டோபரில் அந்தக் கட்சித் தலைமை குற்றக் கும்பலை நடத்தியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பம்பாயில் 1966இல் சிவசேனா தொடங்கியபோது அதன் வந்தேறி யார்? நாம்தான். மதராசி.

சரி, நம் பகுதிக்கு வருகிறேன். என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியது அங்கேதான். அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு என்று முழங்கிய கட்சி. 1963இல் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டத் திருத்தம் வந்ததும் அந்தக் கோரிக்கையை விட்டது. நான்கு வருஷத்தில் ஆட்சிக்கு வந்தது. இந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். நான் பார்ப்பது படியை. தாய்க் கழகத்தில் பார்ப்பனர் உறுப்பினராக முடியாது. அண்ணா தொடங்கிய கட்சி அந்தக் கதவை மூடி வைக்கவில்லை. ராயபுரத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவரும் கொடி கட்டலாம். அது வடசென்னைக்குப் பெரிய விஷயம். ஏனென்றால் கட்சி தொடங்கி மூன்று நான்கு வருஷம் கழித்து, ஆந்திரா பிரிகிற நேரத்தில், "மதராஸ் மனதே", அதாவது சென்னை நம்முடையதே, என்று தெலுங்கர்கள் ஒரு பக்கம், "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. ஒரு பக்கம் என்று ஊர் கொதித்தது. ம.பொ.சி. போராடியதால் சென்னை நம்மிடம் இருக்கிறது. அந்த நன்றி எனக்கு உண்டு. என் கடை வீட்டுக்கார அம்மா வீட்டில் தெலுங்குதான். அந்த நாளில் அவர் மாமனார் வாசலில் நின்று சத்தமாகப் பேசவே பயந்தாராம். கணக்கு நோட்டை மட்டும் தமிழில்தான் எழுதுவாராம். இன்றைக்கு அவர் பேரன், நான் டிசைன் செய்யும் திருக்குறள் போட்டி நோட்டீஸில் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிறான். நம் படி தாழ்வாக இருந்ததால் உள்ளே வந்த பிள்ளை அவன்.

பெரம்பூர் பக்கம் பெரியவர்கள் இன்னும் பி அண்ட் சி துணி மில் கதை சொல்வார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து புளியந்தோப்பு எரிந்தது. மாதக்கணக்கில் கஞ்சிக்கு இல்லாமல் கிடந்து, வேலைநிறுத்தம் தோற்றது. ரங்கூன் துறைமுகத்துக்கு ஒன்பது வருஷம் முன்னால், நம் வாசலிலேயே நடந்தது.

அந்தத் தம்பியிடம் "உனக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். மணலி பக்கம் ஒரு கிடங்கில் லோடிங் வேலையாம். நாள் கூலி எண்ணூறு. மூன்று மாதம் முன்னால் காண்டிராக்டர் ஒரிசா பையன்கள் பதினைந்து பேரைக் கொண்டுவந்து, ஷெட்டிலேயே தங்கவைத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி, ஐந்நூறு கொடுக்கிறார். இவனையும் இவன் கூட்டாளிகளையும் நிறுத்திவிட்டார். தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்றான். சொல்லும்போது குரல் உடைந்தது.

"அப்ப காண்டிராக்டர் பேரைப் போடு தம்பி. பன்னெண்டு மணி நேரம் வேலை வாங்கறான்னு போடு. ஐந்நூறு குடுக்கறான்னு போடு. நான் காசே வாங்காம அடிச்சுத் தரேன். அந்தப் பசங்களுக்கும் எட்டு மணி நேரம், எண்ணூறு ரூபான்னு ஆயிட்டா உன்னை ஏன் நிறுத்தப் போறான்?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அவர் பேரப் போட்டா இந்த ஏரியாவுல எவனும் வேலை தர மாட்டான்ணா" என்றான். அதுவும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரேண்ணா என்று சொல்லிவிட்டுப் போனான். கோபித்துக்கொண்டு போகவில்லை என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கிறதா? எங்கோ நடந்ததையெல்லாம் நம் ஊரில் நடந்தது என்று போட்டுப் பரப்பினார்கள். நம்மைப் பற்றிய பொய் என்று நமக்கு எவ்வளவு கொதித்தது! அதைப் பொய்யாகவே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பர்மாவில் 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனத்தாருக்குத்தான் முழுக் குடியுரிமை. மற்றவர்களுக்கு வேறு நிறத்தில் அட்டை. ரோஹிங்கியா என்ற முஸ்லிம் மக்களுக்கு அதுவும் சரியாக இல்லை. 2017இல் அவர்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்தச் செய்தியை அப்பா டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் மூட்டையோடு ஒரு கிழவி சேற்றில் நடந்து போனாள். அப்பா எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் அவர் போய்விட்டார்.

போன புதன்கிழமை காலை தண்டையார்பேட்டையில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். வேறு பிரஸ்ஸில் அடித்திருக்கிறான். மூன்றாவது வரி சிவப்பில், முதல் இரண்டு வரியையும் விடப் பெரிய எழுத்தில். அந்தச் சுவரோரம் ஆறேழு ஒரிசா பையன்கள் டிபன் பாக்ஸோடு வண்டிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காத ஒருவன், அந்தச் சிவப்பு எழுத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு, யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் நான் சுவரையே பார்ப்பதைக் கவனித்து, அவனும் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, அரைகுறைத் தமிழில், "இன்னா எழுதிக்குது அண்ணா?" என்று கேட்டான்.